ராணி பூத்த மாடி

“குருவே, ராணி சாகப் போறா.”

தயாளன் ஓடி வந்து இதைச் சொன்னபோது குரு ஒரு காருக்குள் இருந்தார். ஸ்டியரிங்கில் ஒரு கற்றுக்குட்டி. குரு பக்கத்து சீட்டில்.

“பின்னாடி ஏறுங்க,” என்றார் குரு. “கதவை மெதுவா சாத்துங்க.”

தயாளன் ஏறினார். மெதுவாகச் சாத்தவில்லை.

குருவின் பெயர் எஸ்தர். குடியாத்தத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். தயாளனைவிட வயதில் சின்னவர்தான். வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில்தான் ஓட்டிப் பழக்குவார்.

அந்த இடத்தைச் சுற்றிச் சுவர் கிடையாது. கற்றாழைதான். முகத்தில் தடவுகிற சோற்றுக் கற்றாழை இல்லை. ரயில் பாதை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு முள்ளை நீட்டிக்கொண்டு நிற்குமே, ஆனைக்கற்றாழை, அந்தக் குடும்பம். அகேவ் என்பார்கள். சாம்பல் பூசியது, வரி போட்டது, முள் கறுத்தது, பந்து மாதிரி உருண்டது என்று எல்லாம் குருவிடம் உண்டு.

“ஏன் மேடம் சுவர் கட்டலை?” என்று யாரோ கேட்டார்களாம்.

“சுவர்னா இடிப்பாங்க. முள்ளுன்னா நிறுத்துவாங்க.”

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் கற்றாழை வளர்க்கிறவர்கள் எல்லாம் அவரை குருவே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“யாரு ராணி?” என்றாள் ஸ்டியரிங்கில் இருந்த பல்கீஸ். தையல்கடை வைத்திருப்பவள். “உங்க வீட்டு அக்காவா?”

“முன்னாடி பாருங்க,” என்றார் குரு.

“என் மாடியில இருக்கற கற்றாழைம்மா,” என்றார் தயாளன். குரல் உடைந்தது. “இலை ஓரத்துல மஞ்சள் கரை. பட்டுப்புடவை மாதிரி. மலர்க் கண்காட்சியில வருஷா வருஷம் கப்பு அவளுக்குத்தான்.”

“ஓ, அதுவா! மழை வந்தா குடை பிடிப்பீங்களாமே?”

“யார் சொன்னா?”

“உங்க வீட்டு அக்காதான். அவங்களை நனைய விட்டுட்டு.”

“முன்னாடி பாருங்க,” என்றார் குரு.

கார் வட்டம் அடித்தது. தயாளன் முன் சீட்டுக்கு நடுவில் தலையை விட்டார்.

“நடுக்குருத்துல இருந்து ஒரு தண்டு கிளம்பியிருக்கு குருவே. கட்டை விரல் கனம் இருந்தது, இப்ப என் கை கனம். தினமும் வளருது.”

“பூக்கப் போகுது.”

“பூத்தா செத்துடுமே!”

“ஆமா.”

ஆமாம் என்று இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று தயாளன் எதிர்பார்க்கவில்லை.

“அடியில இருந்து ஒரு குட்டியை எடுத்துட்டு வாங்க,” என்றார் குரு. “எப்படி வளர்க்கணும்னு சொல்றேன்.”

தயாளன் சீட்டு உறையை நகத்தால் சுரண்டினார்.

“கற்றாழை தனியா சாகாது அண்ணா. வேரைச் சுத்திக் குட்டி விட்டுட்டுத்தான் போகும்.”

“குட்டி இல்லை குருவே.”

“ராணி குட்டி விடலையா?”

“விட்டா. நிறைய விட்டா. குட்டி வந்தா தொட்டியில அழகு கெட்டுடும். நடுவுல ஒருத்தியா நின்னாத்தான் கப்பு கொடுப்பான். அதனால வர வர நோண்டி எடுத்துடுவேன்.”

“எடுத்து யாருக்குக் கொடுத்தீங்க?”

“கொடுக்கலை.”

“நட்டீங்களா?”

“அதுவும் இல்லை.” தயாளன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வெந்நீர் ஊத்திக் குப்பையில போட்டுட்டேன். சும்மா போட்டா எவனாவது பொறுக்கிட்டுப் போய் வளர்த்துடுவான். அப்புறம் அவன் வீட்டுலயும் ராணி இருப்பா.”

கார் கிறீச்சென்று நின்றது. தயாளனின் மூக்கு முன் சீட்டில் போய் மோதியது. பானட்டுக்கும் கற்றாழை முள்ளுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி.

“வெந்நீரா!” என்றாள் பல்கீஸ்.

“இன்னைக்குத்தான் ஒழுங்கா பிரேக் போட்டிருக்கீங்க,” என்றார் குரு.

தயாளன் மூக்கைத் தடவிக்கொண்டார். “தப்புதான். இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? தண்டை வெட்டிட்டா பிழைச்சுக்குமா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் ஒரு தடவை வெட்டினேன்.”

தயாளனுக்கு உயிர் வந்தது. “செடி?”

“செத்துடுச்சு.”

“பூ?”

“பார்க்கவே இல்லை.”



“அப்ப நான் என்னதான் பண்றது?”

“மாடிக் கதவு பூட்டியிருக்கா?”

“எப்பவும் பூட்டுதான். திருடிட்டுப் போயிட்டா?”

“திறந்து வைங்க.”

“அதுல ராணி எப்படிப் பிழைப்பா?”

“இறங்குங்க அண்ணா. அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க.”

*

குரு சொல்லிவிட்டாரே என்று தயாளன் பூட்டை எடுத்தார். மனசே இல்லை. எடுத்துவிட்டுக் கதவுப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். பூட்டுக்குப் பதில் அவர்.

அவருடைய பாத்திரக் கடையை மனைவி தேவகி பார்த்துக்கொண்டாள்.

“எனக்கு டைபாய்டு வந்தப்ப கூட நீங்க கடைக்குப் போனீங்க,” என்றாள்.

“நீ பூக்கலையே.”

தேவகி முறைத்த முறைப்பில் ஒரு குண்டானே நசுங்கியிருக்கும்.

தண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. தெருமுனையில் இருந்து பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் தெருவைச் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா?

“சார், செல்போன் டவரா வைக்கிறீங்க? பர்மிஷன் வாங்கியாச்சா?”

“முருங்கைக்கு அண்ணன் மாதிரி இருக்கே. சாம்பார் வைக்கலாமா?”

“இதுல கொடி ஏத்துவீங்களா?”

கதவு திறந்திருந்தது. ஏறி வந்தார்கள். ஒருவர் தண்டுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு கல்யாண ஜோடி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. தேவகி டீ போட்டுக் கொடுத்தாள். தயாளன் பல்லைக் கடித்துக்கொண்டு, “தொடாதீங்க, தொடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பூத்தது. உச்சியில் கொத்துக் கொத்தாக, பச்சையும் மஞ்சளும் கலந்து. தேனீ வந்தது. தேன்சிட்டு வந்தது. மைனாக்கள் வந்து சண்டை போட்டன. மாடியே சந்தைக்கடை.

தயாளன் குருவிடம் ஓடினார். இந்தத் தடவை பல்கீஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டம் தாங்கலை குருவே! கதவைத் திறந்ததுல என்ன நடந்தது? டீத்தூள்தான் தீர்ந்தது.”

“பூ எப்படி இருக்கு?”

“எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க.”

“நீங்க பார்த்தீங்களா?”



“அடி இலையைத்தான் பார்த்துட்டிருக்கேன்,” என்றார் தயாளன். “சுருங்க ஆரம்பிச்சுடுச்சு.”

“அண்ணா, கொஞ்சம் நகருங்க,” என்றாள் பல்கீஸ். “கண்ணாடியில உங்க மூஞ்சி மட்டும்தான் தெரியுது. பின்னாடி என்ன இருக்குன்னே தெரியலை.”

*

பூ உதிர்ந்தது. கூட்டமும் குறைந்தது. உதிர்ந்த பூவைப் பார்க்க யார் மாடி ஏறுவார்கள்?

ராணியின் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. பிழியாத துணியைத் தொட்டி விளிம்பில் போட்டது போல இருந்தது. மஞ்சள் கரை பழுப்பாகிவிட்டது. தயாளன் தினமும் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து இலையைத் தடவிக் கொடுப்பார். முள் குத்தும். குத்தட்டும் என்று விட்டுவிடுவார்.

சோறு இறங்கவில்லை. அவர் மேல் கோபமாக இருந்த தேவகிக்கே பாவமாகப் போய்விட்டது. அவள்தான் குருவுக்கு போன் செய்தாள்.

குரு மாடிக்கு வந்தார். தயாளன் எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சுது குருவே. வேரைச் சுத்தி நோண்டிப் பார்த்துட்டேன். ஒரு குட்டி கூட இல்லை. ஒண்ணே ஒண்ணை விட்டு வச்சிருக்கலாம். என் கையாலயே அத்தனையையும் வேக வச்சேனே. இனிமே ராணின்னு ஒருத்தி எங்கேயும் கிடையாது.”

குரு கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

தேவகி கொண்டுவந்த டீயை வாங்கித் தயாளன் கையில் கொடுத்தார். அப்புறம் முள்ளுக்கு ஒதுங்கித் தொட்டியை நெருங்கினார். தண்டை இரண்டு கையாலும் பிடித்தார். கியர் விழாத பழைய வண்டியில் கியர் போடுவது போல ஓர் ஆட்டு ஆட்டினார்.

பொலபொலவென்று கொட்டியது.

ஒன்று தயாளனின் வழுக்கையில் விழுந்தது. ஒன்று டீக்குள் விழுந்தது. மாடி முழுக்கச் சிதறி, தண்ணீர்த் தொட்டி மேல் டப் டப்பென்று தாளம் போட்டது. தயாளன் பூச்சி என்று நினைத்துத் தலையைத் தட்டிவிட்டார். கீழே விழுந்ததைப் பார்த்தார்.

செடி. விரல் நீளம். நாலைந்து குட்டி இலை. நுனியில் முள் கூட இருந்தது. அடியில் வேர் விட ஒரு மொட்டு.

மேலே பார்த்தார். கப்பு வாங்கிய செடியின் மேல்பாகத்தை இத்தனை நாள் கழித்து அன்றுதான் பார்த்தார். பூ இருந்த இடத்தில் எல்லாம் செடி. ஒரு தண்டில் ஒரு நர்சரி.

“தேவகி!” என்று கத்தினார். “கதவைச் சாத்து!”

“என்னங்க?”

“கதவைச் சாத்துடி! எவனாவது வந்துடப் போறான்!”

தேவகி குருவைப் பார்த்தாள். குரு டீயில் விழுந்த செடியை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். கதவை யாரும் சாத்தவில்லை.

தயாளன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார். மடி நிறைந்தது. வாளி நிறைந்தது. தேவகியின் மாவுச் சல்லடை நிறைந்தது. தண்டில் இன்னும் பாதி அப்படியே இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை.

அப்புறம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முழுப் பச்சை. வேறொன்று எடுத்தார். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள். இன்னொன்று சுத்த வெள்ளை, பேய் மாதிரி. ஒன்றைப் போல ஒன்று இல்லை. பட்டுப்புடவைக் கரை எதிலும் இல்லை.

சிரிப்பு நின்றது.

“குருவே, இதுல எது ராணி?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“வளர வளரத்தான் வரி மாறும். பச்சையில கரை வரலாம். கரை இருக்கறது போகலாம். பெருசானாத்தான் தெரியும்.”

“எப்படியாவது கண்டுபிடிக்க ஒரு அடையாளம் சொல்லுங்க. நல்லதா நாலு எடுத்துக்கறேன்.”

“நீங்க எடுக்காம விட்ட அஞ்சாவது அதுவா இருந்தா?”

தயாளன் சல்லடையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார்.

“அப்ப அத்தனையையும் நான்தான் வளர்க்கணும்.”

“வளருங்க.”

“ஒவ்வொண்ணும் எவ்வளவு பெருசாகும்?”

குரு செத்துக் கிடந்த ராணியைக் கண்ணால் காட்டினார். தயாளன் இரண்டு கையையும் விரித்தால்கூட அடங்காத சுற்றளவு.

“என் மாடியில இடம் இல்லையே குருவே!”

குரு கைப்பிடிச் சுவர் மேல் முழங்கையை ஊன்றி, வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

தயாளனும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அவரும் வெளியே பார்த்தார்.

எதிரில் ஒரு மாடி. வெயில் காய்ந்துகொண்டு, சும்மா கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மாடி. அதுவும் சும்மா. அதற்கு அந்தப் பக்கம் ஒன்று. தெரு முடிகிற வரைக்கும் மாடி. தெரு தாண்டியும் மாடி.

தயாளன் ஒரு குட்டியைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வாழ்க்கையில் ஒரு கரண்டியைக்கூட சும்மா கொடுத்துப் பழக்கம் இல்லாத மனுஷர்.

பிறகு சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, தெருவே அதிர ஒரு கத்தல் கத்தினார்.

“யார் வீட்டுல தொட்டி சும்மா கிடக்குது?”

தெரு அண்ணாந்து பார்த்தது. கடன்காரனைப் பார்ப்பது போலத்தான் முதலில் பார்த்தது.

மூன்றாவது வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்தான் கை தட்டிக் கூப்பிட்டாள்.

“தொட்டி இல்லைங்க! ஓட்டை வாளிதான் இருக்கு! பரவாயில்லையா?”

“அதுதாம்மா ரொம்ப நல்லது, தண்ணி நிக்காது!” என்று கத்தினார் தயாளன். “தூக்கிட்டு வா, சீக்கிரம்!”