சிப்பாய் ஈயின் உடுப்பு

பேச்சிமுத்து பல வருடம் லாரி ஓட்டியவர். எந்தக் கிளீனரும் அவருடைய வாய்க்குப் பயந்து நிலைத்ததில்லை. குற்றாலத்து மலையடிவார ஆசிரமத்தில் காவி கட்டிச் சமையலறையைப் பார்த்துக்கொண்ட பிறகும், பழைய வசவெல்லாம் வாய்க்குள் பத்திரமாகத்தான் இருந்தது. வெளியே மட்டும் வருவதில்லை.

அன்று காலை பொங்கல் அடிப்பிடித்தது. பானையை, ஈர விறகை, அதைக் கொண்டுவந்த சமையலறை எடுபிடி மாடசாமியை மனதுக்குள் ஒரு சுற்று ஏசி முடித்து அவர் வெளியே வந்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள்.

பேச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வெள்ளை வேட்டிக்கு மாறி, காவியை மடித்து எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

குரு அவரைவிட இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அம்மா. குளத்தோரம் பூத்திருந்த கொத்தமல்லிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“இதை வாங்கிக்கிடுங்கம்மா. நான் ஊருக்குப் போறேன். இது எனக்கு வெறும் வேஷம். உள்ள ஒண்ணும் மாறல.”

அம்மா கையை நீட்டினார். பூவிலிருந்து கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று எழும்பி அவர் விரலில் உட்கார்ந்தது.

“குளவிம்மா” என்று பேச்சிமுத்து காவியாலேயே வீசினார். துணி கைநழுவிச் சேற்றில் விழுந்தது. அதுவோ நிதானமாகப் பூவுக்கே திரும்பியது.

“நல்லாப் பாருங்க, அது ஈ. குளவிக்கு நாலு இறக்கை, இதுக்கு ரெண்டுதான். கொடுக்கும் கிடையாது.”

“அப்ப இந்த மஞ்சப் பட்டை?”

“குளவியோட உடுப்பு. இங்கிலாந்திலேருந்து இங்க தங்க வந்த ஒருத்தர் சொன்னார், அவங்க ஊர்ல இந்த இனத்துக்குச் சிப்பாய் ஈன்னு பேராம்.”

“ஆயுதமில்லாத சிப்பாயா?” பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புழுவா இருக்கையில இந்தச் சேத்துத் தண்ணியிலதான் கிடக்கும். வால் நுனியை மேல நீட்டி மூச்சு விடும். வளர்ந்து வந்தா இந்த உடுப்பு. குருவி குளவின்னு நினைச்சு விட்டுடும். இது தேனைக் குடிச்சிட்டுத் தன் பாட்டுக்குப் போகும்.”

“அப்ப அதுவும் வேஷம்தானே?”

“வேஷம்தான்.” அம்மா மறுபடி களை பிடுங்கக் குனிந்தார். “காலையில யாரை ஏசினீங்க?”

“மாடசாமியை. மனசுக்குள்ள.”

“வெளியே?”

“காவியைக் கட்டிக்கிட்டு எப்படிம்மா ஏசுறது?”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஒரு கிளீனரும் நிலைக்காத தன் பக்கத்தில் மாடசாமி தினமும் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சேற்றிலிருந்து காவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா நிமிராமலே சொன்னார்: “சேறா இருக்கு. துவைச்சுக் கட்டுங்க.”