கேட்டைக்கு அடுத்தது

கந்தப்பருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் பெரிய ஜோசியர் என்று பேரெடுத்த மனுஷன், மலைமேல் மடத்தில் இருக்கும் துறவியம்மாவிடம் போய் வானம் பார்க்கப் படிக்கிறாரே என்று சிலர் கேலி பேசினார்கள். பேசட்டுமே! பஞ்சாங்கத்தில் வெறும் எழுத்தாகக் கிடந்ததையெல்லாம் கண்ணெதிரே காட்டியவர் நாச்சியாரம்மா. அவர் காலில் விழக் கந்தப்பர் கூச்சப்பட்டதே இல்லை.

அன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனார். மகள் திலகவதியின் நட்சத்திரம் மூலம். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும், பெண் பார்க்க வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். மாமனாருக்கு ஆகாதாம். இப்போது ஒரு நல்ல இடம் கூடி வருகிறது. மூலம் முடிகிற தறுவாயில் பிறந்தவள். ஜாதகத்தில் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதினால் பூராடமாகிவிடும். எழுதுகிற கை இவருடையதுதான். அப்பா படும் பாட்டைப் பார்த்து மகளும் வாய் திறக்காமல் இருந்தாள்.

"மகளுக்காக ஒரு பொய். தப்பாம்மா?" என்று கேட்டார்.

நாச்சியாரம்மா பொழுது சாய்ந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் பின்னால் உள்ள பாறைக்கு வரச் சொன்னார்.

ஆவணி மாதம். மழை விட்டு, வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. நிலாவும் சீக்கிரமே இறங்கிவிட்டது. மகளுக்கு வானத்தைக் காட்டும்படி குரு சொன்னார்.

அதற்கென்ன, கந்தப்பருக்குச் சொல்லியா தர வேண்டும்? மேற்கே இறங்கும் சுவாதியைக் காட்டினார். கிழக்கே ஏறிவரும் திருவோணத்தைக் காட்டி, இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கிற சின்ன வெள்ளிகளை அடையாளம் சொன்னார். தெற்கே திரும்பி, தேளின் நெஞ்சில் சிவந்து நிற்கும் கேட்டையைக் காட்டினார். அப்புறம் விரல் ஒரு தாவு தாவியது. அது பூராடம் என்றார்.

திலகவதி திரும்பிப் பார்த்தாள். ஜோசியர் வீட்டுப் பெண். பேச்சு வந்த நாளிலேயே நட்சத்திரங்களை வரிசையாக ஒப்பித்தவள்.

"கேட்டைக்கு அடுத்தது பூராடமாப்பா?"

கந்தப்பர் இத்தனை வருஷமாக இதே பாறையில் அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவைகூட மூலம் இருக்கும் அந்த இடத்தில் கண்ணை நிறுத்தியதில்லை. வீட்டுக்கு வந்த பழியெல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்ற நினைப்பு. பெற்ற மகளின் நட்சத்திரத்தை ஊர்தான் ஒதுக்கியது என்றால், இவருமா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"காட்டுங்கய்யா," என்றார் குரு.

காட்டினார். தேளின் உடல் வளைந்து இறங்கி, வால் சுருண்டு எழுந்து, கொடுக்கின் நுனியில் இரண்டு வெள்ளிகள் ஒட்டி நின்றன. அதையொட்டி ஆகாயகங்கை, வேறெங்கும் இல்லாத அகலத்தில், பால் பொங்கினாற்போல் கிடந்தது. அன்றைய வானத்தில் அதைவிட நிறைந்த இடம் இல்லை.

திலகவதி எழுந்து நின்றுவிட்டாள்.

"இதுக்காப்பா அவங்க எழுந்து போனாங்க?" என்றாள். குரலில் அழுகை இல்லை. "இதைப் போயா மறைச்சு எழுதணும்? நான் மூலம்தான். அப்படியே எழுதுங்க."

கந்தப்பருக்குக் கண் நிறைந்தது. மகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். எதைப் பார்த்து முதலில் பெருமைப்படுவது என்று தெரியவில்லை. பொய் எழுதுகிற எண்ணம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் பெற்ற மனசு அல்லவா? மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கு வருகிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களும் எழுந்து போய்விட்டால்?

"பெண் பார்க்க நல்ல நேரம் என்னைத்தான் குறிக்கச் சொல்லியிருக்காங்கம்மா," என்றார். "நாளைக்கு எந்நேரம் வரச் சொல்றது?"

நாச்சியாரம்மா தெற்கே பார்த்தபடி சொன்னார்:

"இருட்டின பிறகு வரச் சொல்லுங்க."