செங்கமலம் கடலுக்குப் போகும் வழி

எரிமலைத் தீவு ஒன்றில் வைரவன் என்று ஒருவர் இருந்தார். மலை நெருப்பைக் கக்கிய அன்று மகளோடு சந்தைக்குப் போயிருந்தார். காய்ச்சலில் கிடந்த மனைவி செங்கமலம் மட்டும் வீட்டில். நெருப்புக் குழம்பு வீட்டை மூடிக்கொண்டு கடல்வரைக்கும் ஓடி, அப்படியே பாறையாக இறுகிப்போனது.

செத்தவர் எலும்பைக் கடலில் விட்டால்தான் காரியம் முடியும் என்பது அந்தத் தீவின் வழக்கம். அதுவரை வீட்டில் நல்லது எதுவும் நடத்தக் கூடாது. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்து, அந்தச் சாம்பலை விட்டால் போதுமே என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"நான் புல்லுக்குத் தாலி கட்டல" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையோடு போய்ப் பாறையை உடைக்க ஆரம்பித்தார் வைரவன்.

வருஷங்கள் போயின. குழி இடுப்பளவுக்குத்தான் வந்தது. மகள் மரகதத்தைப் பெண் கேட்டவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடம் போனார்கள். இப்போது இன்னொரு வீட்டார் கேட்டு, தைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அவருடைய குரு ஞானம்மை வயதில் இளையவர். ஆனாலும் வைரவனுக்கு அவர் தாய்தான். அவரிடம் போய், இன்னும் எவ்வளவு ஆழம் தோண்டவேண்டும் என்று கேட்டார்.

ஞானம்மை கடப்பாரையைப் பார்த்தார். "இதுதான் பாதி தேஞ்சிருக்கு" என்றார். பிறகு, பாறை கடலைத் தொடுகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அலை வந்து அறைய, பாறையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அடுத்த அலை அதை உருட்டிக்கொண்டு போனது.

ஞானம்மை காலடியில் கிடந்த கறுப்பு மணலை அள்ளி அவர் கையில் வைத்தார்.

"இது முன்னாடி இங்க இருந்துச்சா?"

"இல்ல தாயே. இங்கெல்லாம் ஆழம். வலை போடுவோம்."

"அப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"பாறையிலேர்ந்துதான். அலை அரைச்சுப் போடுது."

"நீங்க தூங்குறப்போ?"

"அப்பவும்தான்."

வைரவன் திரும்பி, மேட்டில் தன் குழி இருக்கும் பக்கம் பார்த்தார்.

"செங்கமலம் வரைக்கும் இந்த அலை வருமா?"

"வரும்."

"நான் இருக்கும்போதா?"

"இல்ல. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலகூட இல்ல."

கையில் இருந்த மணலை மழை கழுவிக்கொண்டு போனது. வைரவன் அழுதார். ஞானம்மை தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது, தாயே?"

"மரகதத்துக்குக் கல்யாணம் பண்ணுங்க."