கருக்காய் உண்ட பெருமாள்

அறுவடை முடிந்து எல்லாரும் நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகு, துடைப்பமும் முறமுமாகக் களத்தில் வந்து நிற்பவர் காத்தாயி அம்மையார். களத்தைக் கூட்டித் தூற்றிக் கொடுப்பது அவர் வேலை. அதற்குக் கூலி, காற்றில் ஒதுங்கும் கருக்காய். அதாவது பால் முற்றாமல் அரைமணியும் கால்மணியுமாக நின்றுபோன நெல். தென்கழிமங்கலத்தில் அதைக் கோழிக்குப் போடுவார்கள். அம்மையாருக்கும் போட்டார்கள்.

அவர் அதைக் குத்திப் புடைத்து, கிடைக்கிற நொய்யைக் கஞ்சியாக்குவார். களங்காத்த பெருமாள் கோயில் வாசலில் சட்டியோடு நின்று, நேரே தெரியும் சன்னதிக்குக் காட்டி, "மொதல்ல நீ சாப்புடு சாமி" என்பார். பெருமாளுக்குக் காட்டாமல் ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை என்பது அவர் நோன்பு. கணவரைப் பாம்புக்குப் பறிகொடுத்த மறுநாளும் அது தவறவில்லை. ஊருக்கோ இது நல்ல வேடிக்கை. 'கருக்காக் காத்தாயி' என்று பெயர் வைத்துச் சிரித்தது. சிரிக்கத் தெரிந்த அளவுக்கு அந்த ஊருக்கு வேறொன்றும் தெரியாது.

அப்படியிருக்கையில் காலம் தப்பத் தொடங்கிற்று. ஆனியில் வரவேண்டிய ஆற்றுத் தண்ணீர் ஆவணியிலும் வரவில்லை. ஆறு வருவதற்குள் கடல் வந்துவிட்டது; வாய்க்காலில் உப்புநீர் ஏறிப் பாதி நடவைக் கருக்கிப் போட்டது. தப்பிய பயிர் பூத்து நின்ற மார்கழியில், பனி இறங்க வேண்டிய நாளில், மழை கொட்டிப் பூவைக் கழுவிக்கொண்டு போயிற்று. தை பிறந்தபோது கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நின்றன. மணி பிடித்திருந்தால் அல்லவா சாயும்?

பட்டணத்திலிருந்து ஒரு வேளாண் அதிகாரி வந்து ஊர்க்கூட்டம் போட்டார். பூமி சூடேறிவிட்டது, கடல் உயர்கிறது, உலகமெங்கும் விடுகிற புகை பருவத்தையே கெடுத்துவிட்டது, உப்பும் மழைநீரும் வடிந்துபோக வடிகால்களையாவது தூர்க்காமல் வையுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னார். கோயில் தர்மகர்த்தா நடனசபாபதி முன்வரிசையில் அமர்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊரின் பெரிய வடிகாலைத் தூர்த்து, அதன்மேல் தென்னந்தோப்பு வைத்திருந்த புண்ணியவான் அவர்தாம். அதிகாரியின் ஜீப் தெருமுனை திரும்பியதும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பொகையாவது, மண்ணாவது! காத்தாயி தெனந்தெனம் பெருமாளுக்குக் கருக்காயக் காட்டுறா பாரு, அதுக்குத்தான் ஊரு முச்சூடும் கருக்காயாப் போச்சு. இனிமே அவ கோயில் வாசல்ல கால வெக்கக் கூடாது."

எவ்வளவு வசதியான கண்டுபிடிப்பு! தோப்பும் பிழைத்தது, மானமும் பிழைத்தது. கூட்டத்தில் ஒருவராவது வடிகாலைப் பற்றி வாய் திறக்க வேண்டுமே? 'ஆமாம், ஆமாம்' என்று கலைந்து போனார்கள்.

கோயில் வாசல் அடைபட்டதும் அம்மையாரின் வாயும் அடைபட்டது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு குடிசையில் கிடந்தார். பக்கத்து வீட்டு ராசாமணி ரேஷன் அரிசிச் சோற்றோடு வந்து அழுதார். "ஏன்க்கா உசுர விடுற? இங்கேருந்தே கும்புட்டுட்டு ரெண்டு வாய் அள்ளிப் போடு."

"சாப்புடுறவரு மொகத்தப் பாக்காம என்னத்தச் சோறு போடுறது, தாயி? அவரும் பசியோடதான இருப்பாரு" என்றார் அம்மையார். அவருடைய கவலையெல்லாம் அதுதான்.

புதிர் நாள் வந்தது. புது நெல்லரிசியைப் பெருமாளுக்குப் பொங்கிப் புதிராகப் படைப்பது அந்த ஊர் வழக்கம். இந்த ஆண்டு புது நெல் ஏது? நடனசபாபதி சளைக்கவில்லை. வெளியூர் ஆலையிலிருந்து மயில் படம் போட்ட மூட்டையில் வெள்ளைவெளேரென்று அரிசி வாங்கினார். நெய் ஒழுகப் பொங்கவைத்து, எங்கள் வயலின் புதிர் என்று மேளதாளத்தோடு கொண்டு போனார். பெருமாளையே ஏய்க்கலாம் என்று நினைக்க ஒரு தனி மூளை வேண்டும். அது அவருக்குக் குறைவில்லாமல் வாய்த்திருந்தது. ஊரார் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது காத்தாயி அம்மையார், தடையையும் மீறி, சட்டியைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலுக்குத் தள்ளாடி வந்தார். கருகிய வயலில் உருவிய கதிரைக் கசக்கி, குத்தி, புடைத்து, கிடைத்த ஒரு பிடி கறுத்த நொய்யைக் காய்ச்சியிருந்தார். கஞ்சியில் உமி மிதந்தது.

"என்னடி அது?" என்றார் தர்மகர்த்தா.

"புதிருங்கய்யா."

"கருக்காயத் திங்க பெருமாள் என்ன கோழியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம மண்ணு இந்த வருசம் இதத்தானுங்கய்யா குடுத்துச்சு. வேற ஊரு அரிசியக் காட்டுனா, நாம பட்ட பாடு அவருக்கு எப்படிங்க தெரியும்?"

பதில் சொல்ல முடியாதவர்களுக்குக் கால் எதற்கு இருக்கிறது? நடனசபாபதி சட்டியை எட்டி உதைத்தார். கஞ்சி மணலில் கொட்டியது. அடியில் தங்கியதைச் சட்டியோடு சன்னதிக்கு நேரே ஏந்தி, "கொறவா இருக்கு சாமி, கோச்சுக்காத" என்று அம்மையார் கண்ணை மூடி நின்றார்.

உள்ளே திரை போட்டு அமுது காட்டிய ரங்கபட்டர், திரையை விலக்கியதும் அலறிவிட்டார். பெருமாளின் திருவுதட்டில் கறுத்த உமி ஒட்டியிருந்தது. மோவாயில் கஞ்சி வழிந்திருந்தது. நெய்ப்பொங்கல் வைத்த இடத்தில் வைத்தபடி ஆறிப்போய்க் கிடந்தது.

"பட்டரே, நீர் செஞ்ச வேலையா?" என்று கத்தினார் தர்மகர்த்தா.

"நேக்கென்ன பைத்தியமா? ஒம்ம பொங்கலத்தான் நீட்டினேன். அவர் அதத் திரும்பிக்கூடப் பாக்கலை" என்ற பட்டர், கைகூப்பியபடி வாசலுக்கு ஓடி வந்து அம்மையார் முன் நின்றார். "அம்மா, கஞ்சி இன்னும் இருக்கா? பெருமாளுக்குப் பசி அடங்கல போலருக்கு."

அம்மையார் அழுதுகொண்டே சட்டியை வழித்துக் கொடுத்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சற்றுமுன் சிரித்த வாய்களெல்லாம் கோவிந்தா போட்டன. பெருமாள் உண்ட கஞ்சி என்று, மணலில் கொட்டிக் கிடந்ததை அள்ள ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். தர்மகர்த்தாவும் முட்டி போட்டுத் துழாவினார். பிந்தி வந்ததால் அவர் கைக்கு வெறும் மணல்தான் அகப்பட்டது. கோயில் படியேறி, பெருமாள் முகத்தைப் பார்த்தபடி, அவர் உண்ட மிச்சத்தைக் காத்தாயி அம்மையார் உண்டார்.

மறுவாரமே வடிகாலைத் தோண்டித் திறந்தார்கள். பக்தியால் அல்ல, பயத்தால். மழை அதற்குப் பிறகும் தப்பத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கோயிலில் புதிர் என்றால், விளைந்தது எதுவோ அதுதான்.

விளையாத காலத்திலும் தம் பெருமாளைப் பட்டினி போடாத காத்தாயி அம்மையாரின் திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.