மத்தியானம் கெட்டி, காலையில் பொள்ளல்

"அம்மா, நம்ம கொத்தனார் திருடன்."

"என்னத்தைத் திருடினார்?"

"அதைத்தான் இன்னும் கண்டுபிடிக்கலை."

சொன்னவர் சபாநடேசன். கேட்டவர் சொர்ணத்தம்மா, ஆற்றங்கரை மடத்தின் குரு. குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. புதிதாக மடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தப்பான காலில்தான் விழுவார்கள்.

சபாநடேசன் முப்பத்து மூன்று வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், கடைத்தெருவில் உள்ள தராசு முள்ளெல்லாம் தானாக நடுவுக்கு வந்து நிற்குமாம். ஒரு தடவை தும்மினார், அடுத்த ஊர் எண்ணெய்க் கடைக்காரர் தாமாக வந்து சரணடைந்தார். சொல்கிறவர்கள் சொல்வார்கள். நம்புவது நம்புகிறவர் பாடு.

ஓய்வு பெற்ற மறுமாதமே மடத்துக்கு வந்து தீட்சை கேட்டார். அப்போதுதான் மடத்தில் அடுப்படியும் குளியலறையும் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அமாவாசைக்கு வருகிற பெண்கள் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தார்கள். காற்று அடித்தால் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓலையைப் பிடிக்க வேண்டும்.

"நீங்களே முன்ன நின்னு முடிச்சுக் கொடுங்க," என்றார் அம்மா. "குளியலறை முடிஞ்ச அன்னைக்கு முதல் குளியல் உங்களுது. குளிச்சுட்டு ஈரத்தோட வாங்க. தீட்சை தரேன்."

அது சித்திரையில். இப்போது மார்கழி பிறந்துவிட்டது.

அடுப்படி என்னவோ பத்தொன்பதே நாளில் முடிந்தது. மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, தரை, சுவரில் வெள்ளை டைல்ஸ், எல்லாம். அந்தப் பத்தொன்பது நாளும் சபாநடேசனுக்கு அம்மை போட்டிருந்தது. தனி அறையில் வேப்பிலைக்கு நடுவே கிடந்தார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நேரே அடுப்படிக்குப் போனார். ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டி. ஒன்றுகூடப் பழுதில்லை.

அங்கேதான் அவருக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

குளியலறை வேலை அவர் கண் முன்னால் நடந்தது. குழாய் வேலைக்காரர் சுவரைக் கொத்தி, குழாயைப் புதைத்து, மேலே பூசி முடித்தார். "உள்ளே குழாய் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சுவரை உடைக்கச் சொன்னார் சபாநடேசன். உடைத்தார்கள். குழாய் இருந்தது. மறுபடி பூசினார்கள். மறுபடி உடைக்கச் சொன்னார். மூன்றாம் தடவை அந்த மனிதர் ஸ்பானரைக்கூட எடுக்காமல் ஆற்றில் குதித்து, நீந்தியே அக்கரைக்குத் தப்பிவிட்டார்.

ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி தரைதான். செவத்தியான் கொத்தனார் இதுவரை நான்கு தடவை அந்தத் தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டார். அடுப்படிக்குப் போட்ட அதே செவத்தியான். நான்கு தடவையும் மறுநாள் காலையில் தட்டினால் 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம். அடியில் கலவை பிடிக்கவில்லை. ஆள் புழங்கித் தண்ணீர் இறங்கினால் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்துவிடும். நான்கு தடவையும் பெயர்த்து எடுத்தார்கள்.

"நாற்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன் சார்," என்றார் செவத்தியான். "இப்படி ஒரு தரையைப் பார்த்ததில்லை. அதே கலவை, அதே கை. அடுப்படியில பிடிச்சுது. இங்க பிடிக்க மாட்டேங்குது."

"அடுப்படி போடும்போது நான் படுத்துக் கிடந்தேன். நீரு என்ன பண்ணினீரோ, யாரு கண்டா?"

"சரியாத்தான் பண்ணினேன்."

"அதைத்தான் கேக்கிறேன். அங்க மட்டும் ஏன் சரியாப் பண்ணினீரு?"

செவத்தியான் தலைத் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். 

அதன் பிறகுதான் சபாநடேசன் குருவிடம் புகாரோடு வந்து நின்றது.

"ஆதாரம் இருக்கும்மா," என்றார். "காலையில டைல்ஸ் போடுறார். மத்தியானம் எல்லாம் கெட்டி. சாயங்காலமும் கெட்டி. மறுநாள் காலையில பொள்ளல். அப்படின்னா நடுவுல ஏதோ நடக்குது."

"மத்தியானம் கெட்டின்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு எனக்கு வழி இருக்கு."

"கொத்தனார் வாசல்ல குறுக்கே கயிறு கட்டிட்டுல்ல சாப்பிடப் போறார்?"

"பார்த்தீங்களா, நீங்களே சொல்றீங்க. மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்குக் கயிறு?"

"ஈரம் காயறதுக்குள்ள ஆள் ஏறக்கூடாதுன்னு சொன்னாரே."

சபாநடேசனைப் பொறுத்தவரை, செவத்தியான் சொன்னது ஆட்களுக்கு. சோதனைக்குப் போகிற அதிகாரி ஆள் கணக்கில் வரமாட்டார். அதோடு, சோதனைக்குப் போகிற நேரத்தை அவர் முப்பத்து மூன்று வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

செவத்தியான் புளிய மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்க வேண்டும். அதுதான் நேரம். சபாநடேசன் கயிற்றைத் தாண்டி உள்ளே போவார். அவருடைய எடை தொண்ணூற்றாறு கிலோ நானூறு கிராம். அவரே நிறுத்த எடை, ஆகவே பிழை இருக்காது. முழங்காலிட்டு, இடது கையை ஊன்றி, மூலைக்கு மூலை தவழ்ந்து, பழைய இருநூறு கிராம் பித்தளைப் படிக்கல்லால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். வெளியே வரும்போது முழங்கால் பட்ட இடத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். சாயங்காலம் செவத்தியான் கை கால் கழுவப் போனதும் இன்னொரு நடை.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு கட்டு முளைக்கீரை இருந்தது.

சபாநடேசனுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. சில நாளாகவே அவர் சிலதைக் கவனித்து வந்தார். காலையில் காபி முதலில் கொத்தனாருக்குப் போகிறது. கொத்தனாருக்குப் பெரிய டம்ளர், தனக்குச் சின்னது. ஆள் இல்லாத சமயம் பார்த்து இரண்டையும் அளந்தும்விட்டார். முப்பது மில்லி வித்தியாசம்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எனக்குத் தீட்சை தரவே கூடாதுன்னு, நீங்களே அவர்கிட்ட சொல்லித் தரையைக் கெடுக்கச் சொல்றீங்களோ?"

அம்மா ஒரு தண்டை உடைத்து நாரை உரித்தார்.

"இருக்கலாம்," என்றார்.

சபாநடேசன் எத்தனையோ கடைக்காரர்களைப் பிடித்திருக்கிறார். அழுதவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு, தராசைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. இப்படி ஒருத்தர் சொன்னதில்லை.

"இல்லைன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப கீரையாவது ஆயலாம்," என்று பாதிக் கட்டை அவர் பக்கம் தள்ளினார் அம்மா.

சபாநடேசன் ஒவ்வொரு இலையையும் புரட்டி அடிப்பக்கம் பார்த்துத்தான் ஆய்ந்தார். ஆய்ந்து முடித்து எழுந்தபோது அம்மா சொன்னார்:

"நாளைக்கு அஞ்சாவது தடவையா போடுறார். அதில ஒண்ணை நீங்க போடுங்க. குழாய்க்கு நேர் கீழ வர்றது. வேற யார் கையும் அதில படவேண்டாம். கொத்தனார் சொல்லித் தருவார், தொட மாட்டார்."

"தொட மாட்டாருன்னு என்ன நிச்சயம்?"

"நீங்கதான் பக்கத்துலயே இருக்கப் போறீங்களே."

அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலையில் சபாநடேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். செவத்தியான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக் கொடுத்தார்.

"கலவையை நிரவுங்க சார். தண்ணி ஓடுற வாட்டம் வாசலைப் பார்த்து வரக்கூடாது, ஓட்டையைப் பார்த்துப் போகணும். ஆங். இப்ப சிமெண்ட் பாலை ஊத்துங்க. மூலையை விட்டுடாதீங்க, மூலைதான் முதல்ல ஏமாத்தும்."

"எல்லா இடத்திலயும் அப்படித்தான்," என்றார் சபாநடேசன்.

டைல்ஸை இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டினார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உள்ளே இருந்த குமிழி அங்கேயும் இங்கேயும் அலைந்து, செவத்தியான் சொன்ன கோட்டில் வந்து நின்றது.

"நல்லா வந்துருக்கு சார்."

சபாநடேசன் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். புகழ்கிறவர்களை அவர் தனிப் பட்டியலில் வைப்பார். ஆனாலும் அந்தக் குமிழி நின்ற இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் நிறையத் தராசுகளைப் பார்த்திருக்கிறார். ஒன்றைத் தாமே நேராக நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

அந்த ஒன்றுக்கு அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மிச்சத் தரையை மத்தியானத்துக்குள் செவத்தியான் முடித்துவிட்டு, கயிற்றைக் கட்டிவிட்டு, புளிய மரத்தடிக்குப் போனார்.

மத்தியானச் சோதனை வழக்கம்போல நடந்தது. சாயங்காலச் சோதனையும் நடந்தது. எல்லாம் கெட்டி.

பொழுது விடிந்தது. அம்மாவே வந்து குளியலறை வாசலில் நின்றார். செவத்தியான் உளியோடு வந்தார், பெயர்க்கிறதுக்குத் தயாராக. பாவம், பழகிவிட்டது.

சபாநடேசன் முழங்காலிட்டுப் படிக்கல்லால் தட்டிக்கொண்டே போனார்.

டொப்.

டொப்.

டொப்.

செவத்தியான் சுவரில் சாய்ந்துகொண்டார். "அம்மா, வேற ஆளை வச்சுப் பாருங்க," என்றார். "என் கையில என்னமோ கோளாறு. இதோட கரண்டியை வச்சிடலாம்னு இருக்கேன். எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு."

சபாநடேசன் நிற்கவில்லை. டொப், டொப் என்று தட்டிக்கொண்டே குழாய்க்கு நேர் கீழே வந்து சேர்ந்தார். தட்டினார்.

டக்.

இன்னொரு தடவை தட்டினார். நான்கு மூலையிலும் தட்டினார். கருங்கல்லில் தட்டின மாதிரி இருந்தது.

"கேட்டீங்களாம்மா?" என்று திரும்பினார். அவர் முகத்தில் எட்டு மாதமாக இல்லாத வெளிச்சம். "அதே சிமெண்ட், அதே மணல், அதே தண்ணி. நான் போட்டது மட்டும் கெட்டி. இப்ப சொல்லுங்க, நான் சந்தேகப்பட்டது தப்பா?"

"நல்லா இருக்கே," என்றார் அம்மா. "நேத்து அதை எத்தனை தடவை தட்டிப் பார்த்தீங்க?"

"அதை எதுக்கும்மா தட்டணும்? நான் போட்டதாச்சே. பச்சைக் கலவை, கால் பட்டா அசைஞ்சிடும்னு அதை மட்டும் சுத்திக்கிட்டுல்ல போனேன்."

செவத்தியான் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"சுத்திக்கிட்டு எங்க போனீங்க சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

சபாநடேசன் தன் முழங்காலைப் பார்த்தார். முழங்காலுக்கு அடியில் இருந்ததைப் பார்த்தார். அதற்குப் பின்னால், தான் தவழ்ந்து வந்த வழி முழுவதையும் பார்த்தார்.

வெளியே ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனது.

அவர் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே செவத்தியானைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

செவத்தியான் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"ஆத்துல தண்ணி நல்லா வருது," என்றார் அம்மா. "போய்க் குளிச்சுட்டு ஈரத்தோட வாங்க."

"குளியலறை இன்னும் முடியலையேம்மா."

"அதுக்குத்தான் கொத்தனார் இருக்காரே."