மூணு கட்டத் திரை

குப்பண்ணனுக்கு வயசு முப்பத்திநாலு. பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனது ஆறு தடவை. இன்றைக்கு வரும் ஏழாவதும் தட்டிப்போனால் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டார்.

கூடத்து வாசலுக்குத் திரை இல்லை. அடுப்படி வரைக்கும் தெரியும். அண்ணி தங்காயி, தையல்கடையில் மிஞ்சிய துண்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்தாள்.

"ஆளுக்கொரு கட்டம் ஒட்டுப்போட்டுத் தையுங்க. கீழ போட்டா அழுக்காகும், மடியிலயே வெச்சுத் தையுங்க. போட்ட தையலைப் பிரிச்சீங்க, கொன்னுபோடுவேன். திரை இல்லாம யாரையும் உள்ள விடாதீங்க."

சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனாள்.

பெரியவன் செங்கோடன், நடுவுள்ளவன் நாச்சிமுத்து, கடைசியில் குப்பண்ணன். மூவரும் சம்மணம் போட்டு மடியில் வைத்தே தைத்தார்கள். எழுந்தால், துணியும் கூடவே எழுந்தது.

"அண்ணா, வேட்டியோட சேத்துத் தெச்சுட்டோம்!"

"பிரிச்சா உங்க அண்ணி கொன்னுபோடுவா. வேட்டிய வெட்டுடா."

வெட்டினார்கள். கட்டம் தனியாக வந்தது. வேட்டியில் ஆளுக்கொரு ஓட்டையும் வந்தது.

"இதோட எப்படிண்ணா மாப்பிள்ளையா நிக்கறது?" குப்பண்ணன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

பெட்டியில் புது வேட்டி மூன்று இருந்தன. ஓட்டையே இல்லாததில் ஒட்டுப் போட்டு என்ன பிரயோசனம் என்று மூடிவிட்டார்கள்.

நாச்சிமுத்துதான் அந்தக் கட்டத்தை எடுத்து ஓட்டைமேல் வைத்துப் பார்த்தான்.

"டேய், அளவெடுத்து வெட்டின மாதிரியே இருக்குதுடா!"

மளமளவென்று தைத்தார்கள். அப்போது வாசலில் வேன் வந்து நின்றது.

"திரை எங்கடா?"

"நம்ம மேலதாண்ணா இருக்குது."

"அப்ப நாமதான் போய்த் தொங்கோணும்."

மூவரும் கூடத்து வாசலில் பெஞ்சைப் போட்டு ஏறி, நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

பெண்ணின் அப்பா மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை எங்கீங்க?"

"மூணாவது கட்டமுங்க," என்றான் குப்பண்ணன், ஆடாமல் அசையாமல்.

பூவோடு வந்த தங்காயி தலையில் கை வைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் அப்பா துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கெட்டித் தையலுங்க. எங்க வாசல் சின்னது, ஒரு கட்டம் போதும். மூணாவதை எங்களுக்கே குடுத்துருங்க."

பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தண்ணி பட்டா சுருங்குமுங்களா?"

"இல்லீங்கத்தே," என்றான் குப்பண்ணன் அவசரமாக. "தெனமும் குளிக்கறேனுங்க, முப்பத்திநாலு வருசமாச் சுருங்கவே இல்லீங்க!"