மேடம் கேட்ட கடவுச்சொல்

ஐந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே வகுப்பை நடத்தி வந்தன. இணையப் பாதுகாப்புதான் பாடம். தனியாக நடத்த ஐந்தில் ஒன்றுக்கும் வக்கில்லை. ஒரு கல்லூரியில் தகவலைப் பூட்டி வைக்கும் சங்கேதக் கணக்கு சொல்லித்தர ஆள் இருந்தது. நெட்வொர்க்குக்கு ஆள் இல்லை. இன்னொன்றில் சைபர் சட்டத்துக்கு ஒரு வக்கீல் கிடைத்தார். மற்றதற்கெல்லாம் கையை விரித்தார்கள். அதனால் ஆளுக்கு ஒன்றைக் கொடுப்பது, எல்லாவற்றையும் எல்லோரும் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பாடம் திரையில் நடக்கும். ஐந்து ஊர்ப் பிள்ளைகளும் அவரவர் ஊரிலிருந்தே கேட்பார்கள்.

கொடுக்க ஏதும் இல்லாத கல்லூரிக்கு இதில் இடம் கிடையாது. விதி அது ஒன்றுதான்.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஏறும் மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. அதற்கு ஆசிரியர் யாரும் வாய்க்கவில்லை. அது தன் ஆய்வகத்தைக் கொடுத்தது. இருபத்திரண்டு கணினிகள்; ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வேலை செய்யலாம். மாணவர்கள் தூரத்திலிருந்தே அவற்றுக்குள் நுழைந்து, பூட்டவும் பூட்டை உடைக்கவும் பழகுவார்கள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் உதவியாளர் லூர்துராஜ். வயது நாற்பத்தொன்பது.

முதல் வகுப்பு முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மேடம், நானும் ஓரமா உக்காந்து கேக்கலாமா?”

பாடம் நடத்திய பேராசிரியர் நஸீமாவுக்கு வயது முப்பத்து மூன்று. ஆறு மணி நேரப் பஸ் பயணத் தூரத்தில், திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருந்தார்.

“கதவத் திறந்து விடறவருக்கு உள்ள இடம் இல்லையா? முன்னாடியே உக்காருங்க சார்.”

அன்றிலிருந்து லூர்துராஜுக்கு அந்தப் பெண்தான் குரு. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவர் அவர். இருபது வருஷம் கணினிகளைத் துடைத்து, மூடி, திறந்து வைத்தவர். அவற்றுக்குள் என்ன ஓடுகிறது என்று அவரை உட்கார வைத்துச் சொன்ன முதல் ஆள் நஸீமா. அந்த நன்றி அவருக்குக் கழுத்துவரை இருந்தது. நஸீமா சொன்னதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதினார். “மேடம் தும்மினாக்கூட அண்ணன் தேதி போட்டு எழுதிருவாரு” என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே இருப்பார்.

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஒரு மெயில் வந்தது.

“லூர்துராஜ் சார், தேர்வு வேலைக்காக ஆய்வகத்தின் தலைமைக் கடவுச்சொல் உடனே தேவை. கூட்டத்தில் இருக்கிறேன், போன் செய்ய வேண்டாம். நஸீமா.”

அவர் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அனுப்பிவிட்டு, மேடத்துக்கு உதவியாக இருந்தோம் என்ற நிம்மதியில் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது மூலையில் இருந்த கணினி தானாக அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. மூன்றாவதும் அணைந்தது.

ஓடிப்போய் சுவரிலிருந்து வெளி இணைப்புக் கேபிளைப் பிடுங்கினார். அதற்குள் எட்டு போய்விட்டன. பதினாலு தப்பின. மெயிலை மறுபடி திறந்து பார்த்தார். பெயர் நஸீமாதான். பெயருக்குக் கீழே இருந்த முகவரி வேறு யாருடையதோ.

நஸீமாவுக்குப் போன் போட்டார்.

“மேடம், நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“எப்ப அனுப்பினீங்க?”

“இருபது நிமிஷம் ஆகுது.”

“உடனே சொன்னீங்களே, அது போதும். வச்சுடுங்க, எனக்கு வேலை இருக்கு.”

அடுத்த அரை மணியில் ஐந்து கல்லூரிக்கும் நஸீமாவிடமிருந்து போன் போனது. எல்லோரும் இப்போதே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அலுவலகத்தில் இருப்பவரிலிருந்து முதல்வர்வரை. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் மாற்றினார்கள்.

எட்டுக் கணினிகளிலும் இருந்த பிள்ளைகளின் பயிற்சி வேலை அழிந்துபோனது. சனிக்கிழமை ஐந்து முதல்வர்களும் திரையில் கூடினார்கள். ஐந்தில் பெரிய கல்லூரியின் முதல்வர் கனகசபாபதிக்குக் கோபம் அடங்கவில்லை.

“ஒரு மெயில் வந்தா சாவியத் தூக்கிக் குடுக்கற ஆளை வச்சுக்கிட்டு நாம பாதுகாப்புப் பாடம் நடத்தறோம். வெளிய சொன்னா சிரிப்பாங்க. லேப் எங்ககிட்ட வரட்டும்.”

மலையடிவாரக் கல்லூரி முதல்வர் மெல்லக் கேட்டார்: “அப்ப நாங்க எதைக் குடுக்கறது?”

“அது உங்க பிரச்சினை.”

எல்லோருக்கும் புரிந்தது. ஆய்வகம் போனால் அந்தக் கல்லூரிக்கு இதில் இடம் இல்லை. அங்கே முப்பத்தொரு பிள்ளைகள் படித்தார்கள். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். படிப்பு நடு வருஷத்தில் நிற்கும்.

“திங்கள் விட்டு அடுத்த திங்கள் செய்முறைத் தேர்வு. அதுவரைக்கும் இருக்கட்டும் சார்” என்றார் நஸீமா.

“தேர்வுல ஒரு சின்னச் சிக்கல் வந்தாலும் அன்னைக்கே முடிவு. அஞ்சு பேரும் உக்காந்து பாக்கறோம்.”

சாயங்காலம் லூர்துராஜ் நஸீமாவைத் திரையில் அழைத்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

“மேடம், என்னை எடுத்துருங்க. வகுப்புலருந்தும் எடுத்துருங்க, லேப்லருந்தும் எடுத்துருங்க. நான் செஞ்சதுக்குப் புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?”

“ஏன் குடுத்தீங்க சார்?”

“நீங்க கேட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நான் கேட்டா குடுத்துடுவீங்களா?”

“என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? நீங்க கேட்டு எதுக்குன்னு நான் கேக்கறதா?”

“நான் எடுத்த மூணாவது வகுப்போட நோட்ட எடுங்க.”

அவர் எடுத்துப் புரட்டினார்.

“படிங்க.”

“யார் கேட்டாலும் கடவுச்சொல் கொடுக்கக்கூடாது. காரணம் எதுவாக இருந்தாலும் கொடுக்கக்கூடாது.”

“நான்தானே சொன்னேன்?”

“நீங்கதான் மேடம்.”

“அப்புறம்?”

லூர்துராஜ் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த ‘யார் கேட்டாலும்’ல நீங்களும் வருவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம்.”

நஸீமாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு மரியாதையை யாரும் அவருக்கு வைத்ததில்லை. இதைவிடச் சுலபமாக யாரும் ஏமாந்ததும் இல்லை.

“அப்ப இனிமே நீங்க சொல்றதையும் நம்பக்கூடாதா மேடம்?” என்று லூர்துராஜ் கேட்டார். குழந்தை கேட்பதுபோல்தான் இருந்தது.

“தேர்வு அன்னைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் லேப்ப விட்டு நகராதீங்க.”

தேர்வு நாள் வந்தது. காலை பத்து மணிக்குத் தொடக்கம். அழிந்ததையெல்லாம் லூர்துராஜ் பழைய பிரதிகளிலிருந்து மீட்டு வைத்திருந்தார். புதிய தலைமைக் கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஐந்து ஊர்களில் நூற்று எழுபது பிள்ளைகள் காத்திருந்தார்கள். திரையின் மேல் வரிசையில் ஐந்து முதல்வர்கள்.

பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது நஸீமா பேசினார்.

“லூர்துராஜ் சார், தலைமைக் கடவுச்சொல்ல எனக்கு அனுப்புங்க. நானே தேர்வ ஆரம்பிக்கறேன்.”

லூர்துராஜ் நிமிர்ந்து பார்த்தார். திரையில் இருந்தது அவர் குருவின் முகம். குரலும் அவருடையதுதான். ஆனால் முகமும் குரலும்கூட இப்போது களவு போகிற பொருள்கள் என்று அதே வாய்தான் ஐந்தாவது வகுப்பில் சொல்லியிருந்தது.

“மேடம்… தப்பா நெனைக்காதீங்க. உங்க டிபார்ட்மென்ட் நம்பருக்கு நான் கூப்புடறேன்.”

“நேரம் ஆகுது சார்.”

“ஒரு நிமிஷம்தான் மேடம்.”

தன்னிடம் முன்பே இருந்த எண்ணை அழைத்தார். நஸீமாவின் மேசைமேல் இருந்த போன் மணி அடிப்பது ஐந்து ஊருக்கும் கேட்டது. அவர் எடுத்தார்.

“நான்தான் சார். இப்ப நம்பிக்கை வந்துச்சா?”

“வந்துச்சு மேடம். நீங்கதான்.”

“அப்ப அனுப்புங்க.”

மணி பத்தாக இரண்டு நிமிஷம். முதல்வர் கனகசபாபதி கடிகாரத்தைப் பார்த்தார். லூர்துராஜும் அதைப் பார்த்தார். மறுத்தால் குருவின் பேச்சை ஊரறியத் தட்டியதாக ஆகும். தேர்வு தாமதமானால் முப்பத்தொரு பிள்ளைகளும் தெருவில். கொடுத்துவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும். கேட்பவர் குருவேதான் என்று இப்போது சந்தேகமும் இல்லை.

அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“நீங்கதான்னு தெரியுது மேடம். ஆனா தர மாட்டேன்.”

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தேர்வு நடக்கறதுக்கு அது உங்க கையில இருக்கணும்னு இல்ல. நான் இங்க இருக்கேன். நான் திறந்து விடறேன். பாஸ்வேர்ட மட்டும் கேக்காதீங்க மேடம், தர மாட்டேன்.”

“நான் சொல்லியுமா?”

“நீங்க சொல்லியும்தான். மன்னிச்சுக்கங்க.”

உட்கார்ந்து விசைகளைத் தட்டினார். இருபத்திரண்டு கணினிகளும் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. மணி சரியாகப் பத்து. நூற்று எழுபது பிள்ளைகளும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

மேல் வரிசையில் கனகசபாபதி கொதித்தார். “பாத்தீங்களா மேடம்? பாடம் சொல்லிக் குடுத்தவங்களுக்கே மரியாதை இல்ல. அன்னைக்கு யாருக்கோ தூக்கிக் குடுத்தாரு, இன்னைக்கு உங்களுக்கே தர மாட்டேங்கறாரு. இந்த ஆள்கிட்ட லேப் இருக்கணுமா?”

பிள்ளைகளுக்குக் கேட்காதபடி பேச்சு முதல்வர்களுக்கு மட்டும் போகும்படி வைத்துவிட்டு நஸீமா சொன்னார்.

“சார், அந்த மெயில் அவருக்கு மட்டும் வரல. நம்ம அஞ்சு கல்லூரியில ஒன்பது பேருக்கு என் பேர்ல வந்திருக்கு. கடவுச்சொல்லோட பதில் அனுப்புனவங்க ஆறு பேர். நம்ம மெயிலப் பாத்துக்கறவர்கிட்ட எண்ணிக்கைய மட்டும்தான் கேட்டேன், பேரைக் கேக்கல.”

“ஆறு பேரா?”

“ஆமா சார். அதுல எனக்குப் போன் பண்ணிச் சொன்னவர் ஒருத்தர். அவர் சொன்னதாலதான் அன்னைக்கே எல்லாரையும் மாத்தச் சொல்ல முடிஞ்சது. சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு இந்தத் தேர்வும் இல்ல, நம்ம ஆபீஸ் கணினிகளும் இல்ல. லேப் யார்கிட்ட இருக்கணும்னு அந்த மத்த அஞ்சு பேர்ல ஒருத்தர் சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்.”

மேல் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் தண்ணீர் குடித்தார். அந்த ஐந்து பேரில் முதல்வர்கள் உண்டா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நஸீமா அப்புறமும் கேட்கவில்லை.

கடைசியில் கனகசபாபதிதான் பேசினார். “லேப் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்” என்றார். அத்தோடு திரையிலிருந்து போய்விட்டார்.

தேர்வு ஒரு மணிக்கு முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். லூர்துராஜ் மட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆய்வகம் தப்பியதை அவருடைய முதல்வர் ஓடிவந்து சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அதில்கூட மனம் ஒட்டவில்லை.

நஸீமா இன்னும் திரையில் இருந்தார்.

“மேடம், நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல.”

“நீங்களே சொல்லிட்டீங்களே சார்.”

“அத்தனை பேர் முன்னால உங்ககிட்டப் போயி மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்கு இவ்வளவு சொல்லிக் குடுத்தவங்க நீங்க. மனசு கேக்கல மேடம்.”

நஸீமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“யாரோ என் பேரத் தூக்கிட்டுப் போயி ஒன்பது பேர்கிட்டக் கை நீட்டுனான். கேட்டதெல்லாம் கெடச்சுது. எனக்கு அசிங்கமா இருந்துச்சு சார், தூக்கம் வரல. இன்னைக்கு நானே என் பேரச் சொல்லிக் கேட்டேன். உங்ககிட்ட ஒண்ணும் கெடைக்கல. திருட்டுப் போன பேர மீட்டுக் குடுத்துட்டீங்க. ரொம்ப நன்றி சார்.”

லூர்துராஜ் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, மேடம் சொன்னதை எழுதத் தொடங்கினார்.